டைபீரியஸின் வெள்ளிக் காசு: கையில் எடுத்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ரூபாய்ச் சின்னம் போட்டு 2011-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் வீட்டில் எங்காவது கிடக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். எடை 3.79 கிராம். ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முன்னால் ரோமானியச் சந்தைகளில் புழங்கிய டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசும் கிட்டத்தட்ட இதே கனம்தான். அகலம் மட்டும் குறைவு, 18 அல்லது 19 மில்லிமீட்டர். தடிமன் அதற்கேற்பக் கூடுதல். விளிம்பு வட்டமாக இருக்காது. சீடை உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கியது போல ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் வெடித்து நிற்கும்.

இந்த வழிகாட்டி டெனாரியஸ்களில் ஒரே ஒரு வகையைப் பற்றியது. கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்ட டைபீரியஸ் வெளியிட்டது. பழைய தமிழ் பைபிளில் திபேரியுராயன் என்று வருகிறாரே, அவரேதான். ரோமானியக் காசு படிக்கப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இருபது வருடத்துக்கு மேல் ஒரே படம், ஒரே வாசகம். போதாததற்கு, கொங்கு மண்ணைத் தோண்டியபோது பானை பானையாக வெளியே வந்த காசும் இதுதான்.

தொடுவதற்கு முன்

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மேசையில் மெத்தென்று ஒரு துணி விரியுங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். இவ்வளவுதான் முன்னேற்பாடு.

பெரிய ஆபத்து நம் வீட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. வெள்ளி கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம், பித்தளை என்றால் புளி. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் தாத்தா பெட்டியில் இருந்த பழைய வெள்ளிக் காசை அப்படித்தான் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்துவிட்டார். பளபளவென்று ஆனது. முகத்தில் மூக்கு, காது, முடி எல்லாம் ஒரே மொழுக்கு. அந்தக் கறுப்புப் படலம் அழுக்கு இல்லை. வெள்ளி நூற்றாண்டுக் கணக்கில் தானே போட்டுக்கொண்ட போர்வை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே நிழல் கொடுத்துப் படிக்க வைப்பதே அதுதான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

நகைக்கடைக்கோ அடகுக்கடைக்கோ எடுத்துப் போனால் முதல் வேலையாக உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார்கள். காசைக் கையில் கொடுப்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தலைப்பக்கம்

பூவா தலையா போடும்போது நாம் சொல்லும் அதே கணக்கு. தலைப்பக்கத்தில் வலது பார்த்த ஓர் ஆண் முகம், தலையில் லாரல் இலை மாலை, அதைக் கட்டிய நாடாவின் முனைகள் பிடரியில் தொங்கும். மேசை விளக்கைக் காசுக்கு நேர்மேலே வைக்காமல் பக்கத்தில் தாழ்த்தி, ஒளி சாய்வாக விழும்படி வையுங்கள். தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும்.

முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகள் லத்தீன். கடிகாரம் சுற்றும் திசையில் படிக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள். 'யு' என்ற எழுத்து அன்று தனியாகக் கிடையாது, 'வி' போலவே செதுக்குவார்கள். இந்த இரண்டும் தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. சரி, இனி துண்டு துண்டாகப் பிரிப்போம்.

முதலில் டி.வி-யில் வரும் டி-யும், ஐ-யும் சேர்ந்து இரண்டு எழுத்து. அது டைபீரியஸ் என்பதன் சுருக்கம். அடுத்து முழுதாக சீசர். அப்புறம் சி.டி-யில் வரும் டி-யில் தொடங்கி 'டிவி' என்ற நான்கெழுத்துச் சொல், பொருள் 'தெய்வமானவருடைய'. அடுத்து ஏ, வி, ஜி மூன்றும் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸைக் குறிக்கும். ஒற்றை எஃப், 'ஃபீலியுஸ்', அதாவது மகன். கடைசியில் மறுபடி அகஸ்டஸ், இந்த முறை சுருக்காமல், டைபீரியஸின் சொந்தப் பட்டமாக. சேர்த்துப் படித்தால்: 'டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ், தெய்வமான அகஸ்டஸின் மகன்.'

கி.பி. 14 ஆகஸ்ட் 19-இல் அகஸ்டஸ் இறந்தார். அடுத்த மாதமே ரோமின் ஆட்சி மன்றமான செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. அதனால்தான் இந்த வாசகம். ஆனால் டைபீரியஸ் அகஸ்டஸ் பெற்ற பிள்ளை இல்லை, தத்துப்பிள்ளை. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

எழுத்தை விட்டுவிட்டு முகத்தை இன்னொரு முறை பாருங்கள். பின்கழுத்தில் முடி வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். பிடரியை மூடும்படி முடி வளர்ப்பது அவர்கள் குடும்ப வழக்கம் என்று பேரரசர்களின் வரலாற்றை எழுதிய ரோமானியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அச்சு செதுக்கியவர் அதைக் கவனமாகக் கொண்டுவந்திருக்கிறார். வயதை மட்டும் கொண்டுவரவில்லை. பட்டத்துக்கு வந்தபோது டைபீரியஸுக்கு 54, இறந்தபோது 77. பெரும்பாலான காசுகளில் ஒரு சுருக்கம் கூடக் கிடையாது. நம் ஊர் சுவரொட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பூப்பக்கம்

திருப்புங்கள். நாற்காலியில் வலது பார்த்து உட்கார்ந்த ஒரு பெண். ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒலிவக் கிளை. இரு பக்கமும் பிரிந்து நிற்கும் எழுத்துகள் 'பொன்டிஃபெக்ஸ் மாக்சிமுஸ்' என்பதன் சுருக்கம். ரோமின் தலைமைப் பூசாரி என்ற பட்டம் அது, கி.பி. 15 மார்ச்சில் டைபீரியஸ் ஏற்றது. இதே சொல்லை இன்று போப்பாண்டவருக்குச் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் யார்? விற்பவர்கள் எல்லாரும் லிவியா என்பார்கள், டைபீரியஸின் தாய். இருக்கலாம். ஆனால் காசில் பெயர் எழுதவில்லை. சமாதானத் தேவதையாகவும் இருக்கலாம். தாய்க்குச் செனட் அள்ளிக் கொடுக்க நினைத்த பட்டங்களை வெட்டிக் குறைத்தவர் டைபீரியஸ் என்பதையும் மறக்காதீர்கள். நான் குறிப்பெழுதும்போது 'அமர்ந்த பெண்' என்று மட்டும்தான் எழுதுவேன்.

உங்கள் காசு ஆட்சியின் தொடக்கத்தைச் சேர்ந்ததா, பின்னாலா என்று அறிய நாற்காலிக் காலைப் பாருங்கள். வழவழப்பான நேர்க்கால் என்றால் முந்தியது. கடைசல் பிடித்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தால் பிந்தியது. சிலவற்றில் பெண்ணின் பாதத்துக்குக் கீழே சின்ன மணை ஒன்றும் இருக்கும். அடியில் உள்ள தரைக்கோடு ஒன்றா, அதற்கு மேலா என்பதும் வகை பிரிக்க உதவும். எழுத்து மாறாத காசில் இப்படிக் காலையும் கோட்டையும் எண்ணித்தான் வரிசை கட்ட வேண்டியிருக்கிறது.

இவை அச்சான இடம் லுக்டூனம், இன்றைய பிரான்சின் லியோன் நகரம். ஓர் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும். சுட்ட வெள்ளி வில்லையை அதன்மேல் வைத்து, இன்னோர் அச்சை மேலே நிறுத்திச் சுத்தியலால் ஒரே போடு. வில்லை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் ஓரமாகப் போய்விடும். உங்கள் காசில் பாதி எழுத்து வெளியே விழுந்திருந்தால் குறையாக நினைக்காதீர்கள்.

ஆள் எப்படிப்பட்டவர்

கி.மு. 42 நவம்பர் 16-இல் பிறந்தவர். தாய் லிவியா, முதல் கணவரை விட்டு கி.மு. 38-இல் ஆக்டேவியனை, அதாவது பின்னாளைய அகஸ்டஸை, மணந்தார். அப்படி அரண்மனைக்குள் வந்த பிள்ளைதான் டைபீரியஸ். நல்ல தளபதி. விப்சானியா என்ற மனைவியோடு ஒட்டுதலாக இருந்தவர். அகஸ்டஸ் அவரை மணவிலக்கு செய்யச் சொல்லி, தன் மகள் ஜூலியாவைக் கட்டிவைத்தார். பிறகு ஒருநாள் எதேச்சையாக விப்சானியாவைப் பார்த்த டைபீரியஸ், கண் கலங்கிப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்ததாகவும், அதன்பின் அவள் அவர் கண்ணில் படாதபடி மற்றவர்கள் பார்த்துக்கொண்டதாகவும் சுவெட்டோனியஸ் சொல்கிறார்.

கி.மு. 6-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய் உட்கார்ந்தார். ஏனென்றால் வாரிசு வரிசையில் அவருக்கு இடமே இல்லை. அகஸ்டஸ் தன் பேரப்பிள்ளைகள் காயஸ், லூசியஸ் இருவரையும் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். லூசியஸ் கி.பி. 2-இல் இறந்தான். காயஸ் கி.பி. 4-இல். வேறு வழியின்றி அதே ஆண்டில் டைபீரியஸ் தத்துப்பிள்ளை ஆனார். காசில் உள்ள அந்த ஒற்றை எஃப் எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இந்த இரண்டு பையன்களுக்கும் காசு உண்டு. அகஸ்டஸின் டெனாரியஸ் ஒன்றில் பூப்பக்கம் இரண்டு இளைஞர்கள் கேடயத்தையும் ஈட்டியையும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தமிழ்நாட்டுப் புதையல்களில் இந்தக் காசும் டைபீரியஸ் காசும் ஒன்றாகவே கிடக்கின்றன. அடையாளம் காண்பது சுலபம். இருவர் நின்றால் அகஸ்டஸ், ஒருத்தி உட்கார்ந்திருந்தால் டைபீரியஸ். பட்டத்துக்கு வர வேண்டியவர்களும் வந்தவரும் ஒரே பானையில்.

ஆட்சிக்கு வந்தபின் பண விஷயத்தில் டைபீரியஸ் சிக்கனக்காரர். வரியைக் கூட்டச் சொன்ன ஆளுநர்களிடம், நல்ல மேய்ப்பன் ஆட்டின் மயிரைத்தான் கத்தரிப்பான், தோலை உரிக்க மாட்டான் என்று சொன்னாராம். கி.பி. 26-இல் காப்ரி தீவுக்குப் போனவர் அதன்பின் ரோம் நகருக்குள் நுழையவில்லை. கி.பி. 33-இல் ரோமில் கடன் நெருக்கடி வந்தது. கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்க, நிலத்தின் விலை சரிந்தது. தீவில் இருந்தபடியே 10 கோடி செஸ்டர்ஸை மூன்று ஆண்டுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு டெனாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ். ஆக, நீங்கள் கையில் வைத்திருக்கும் காசுபோல இரண்டரைக் கோடி. கி.பி. 37 மார்ச் 16-இல் அவர் இறந்தபோது கஜானாவில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்ததாம். அடுத்து வந்த கலிகுலா ஒரு வருடத்துக்குள் கரைத்துவிட்டான்.

இப்படிப்பட்டவர் கி.பி. 22-இல் செனட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். ஆடம்பரத்தைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்று கேட்டதற்கான பதில் அது. பெண்கள் அணியும் கற்களுக்காக நம் பணம் அந்நியரிடமும் பகைவரிடமும் போகிறதே என்று அதில் புலம்புகிறார். எந்த நாடு என்று பெயர் சொல்லவில்லை. பெரில் என்ற மணிக்கல்லில் கடல்நீர்ப் பச்சை கொண்டதே உயர்ந்தது, பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று பிற்பாடு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். பெரில் கிடைத்த படியூர் காங்கேயம் பக்கம். கல்லைப் பட்டை தீட்டிய கொடுமணல் நொய்யல் கரையில். அதே நொய்யல் கரையில், இன்று கோவை நகரோடு ஒட்டிவிட்ட வெள்ளலூரில், 1842-இல் 522 வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி டைபீரியஸ் தலை. எந்தப் பணம் போகிறதே என்று மனிதர் வருந்தினாரோ, அது போன இடத்தில் அவர் முகத்தோடேயே கிடந்தது. எல்லாம் கல்லுக்கு மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, கப்பல் கொள்ளாமல் போனது மிளகு. இருந்தாலும் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெள்ளலூர்க் காசைப் பார்த்தால் சிரிப்பு வராமல் இருக்காது.

பைபிள் காசா இது?

யூத சமயக் குழுவினரான பரிசேயர், ரோமுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்க, அவர் ஒரு வரிக்காசைக் கொண்டுவரச் சொல்லி, 'இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது' என்று கேட்கிறார். காசு படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியும் அதிலேயே இருக்கிறது. அன்று ரோமை ஆண்டுகொண்டிருந்தவர் டைபீரியஸ் என்பதால் இந்த டெனாரியஸ்தான் அது என்று பெயராகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து யூதேயாவில் இந்தக் காசு அதிகம் புழங்கியதாகத் தெரியவில்லை. அகஸ்டஸ் காசாகவும் இருந்திருக்கலாம். பைபிள் காசு என்று சீட்டு ஒட்டினால் விலை ஏறும். அந்தச் சீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு, நான் கொடுக்க மாட்டேன்.

அசலா, போலியா

முதல் சோதனை விளிம்பு. உருக்கி வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கல். கையால் அடித்த அசலில் எழுத்து தேய்ந்திருந்தாலும் வெட்டு தெரியும். அச்சு அசலாக ஒரே இடத்தில் ஒரே வெடிப்போடு இரண்டு காசு பார்த்தால் இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது எடை. நல்ல நிலையில் உள்ளது 3.6 முதல் 3.8 கிராமுக்குள் நிற்கும். அடுத்தது தண்ணீர்ச் சோதனை, இதை வீட்டிலேயே செய்யலாம். நகை நிறுக்கும் மில்லிகிராம் தராசு வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல், தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். நண்பர் ஒருவரின் காசை இப்படிப் பார்த்தோம். வெளியே 3.720 கிராம், தண்ணீரில் 0.361. வகுத்தால் 10.3. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.96. டைபீரியஸ் காசில் வெள்ளி 97 சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்பதால் 10.2-க்கு மேல் வந்தால் மகிழ்ச்சி. 9 பக்கம் வந்தால் உள்ளே செம்பு. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், நூலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் பாருங்கள்.

செம்பு என்று தெரிந்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரோமானியர் காலத்திலேயே செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்திக் கள்ளக்காசு அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் வெள்ளி உரிந்து பச்சை பூத்திருக்கும். 2,000 வருடப் பழைய கள்ளத்தனத்துக்கும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியா வந்துபோன தடங்கள்

நம் பக்கம் கிடைத்த காசுகளில் சிலவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய கோடு இருக்கும். புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் தலையின் குறுக்கே இந்த வெட்டு. புழக்கத்திலிருந்து விலக்க, வெறும் பொன்னாகக் கணக்கிட வெட்டினார்கள் என்பது பலர் ஒப்பும் விளக்கம். வெள்ளியில் வெட்டு குறைவு, சின்ன முத்திரைக் குத்துகள் அதிகம்.

இங்கேயே செய்த நகல்களும் உண்டு. முகம் சுமாராக வந்திருக்கும், எழுத்து மட்டும் குச்சியும் வட்டமுமாகத் தடுமாறும். லத்தீன் தெரியாதவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. தங்கத்தில் துளை போட்டு, வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். காசுமாலை கோக்கும் ஊரில் இதைச் சொல்லவும் வேண்டுமா?

ஏன் அகஸ்டஸ், டைபீரியஸ் காசாகவே வருகிறது? கி.பி. 64 வாக்கில், பின்னால் வந்த பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆனது. வெள்ளியின் தரமும் இறங்கியது. நிறுத்து வாங்கும் வியாபாரி பழையதைத்தானே கேட்பான்? கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் எய்யாலில் கிடைத்த புதையலில் ரோமானியத் தங்கமும் வெள்ளியும் நம் நாட்டு முத்திரைக் காசுகளும் கலந்தே இருந்தன.

உங்களிடம் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுச் செப்புக்காசு என்றால் அது வேறு கதை. கரூர், மதுரை, இலங்கைப் பக்கம் கிடைக்கும் அவை பெரும்பாலும் 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

சட்டமும் பத்திரமும்

மண்ணிலிருந்து கிடைத்தால் சட்டம் தெளிவு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கினால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வாங்காமல் பார்க்க மட்டும் ஆசை என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்குப் போங்கள்.

வைக்கும் இடம்: அமிலமில்லாத காகித உறை, ஈரம் அண்டாத டப்பா. மெத்தென்ற பி.வி.சி. உறை வேண்டாம், சில வருடத்தில் பிசுபிசுவென்று பச்சை கசியும். ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே போகக்கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

கடைசியாக ஒரு சீட்டு எழுதி உறையோடு வையுங்கள். நண்பரின் காசுக்கு நாங்கள் எழுதியது இது:

டெனாரியஸ், வெள்ளி, டைபீரியஸ், லுக்டூனம்.
3.720 கிராம், 18 மி.மீ., அடர்த்தி 10.3.
தலை: வலது பார்த்த முகம், மாலை, வாசகத்தின் முதல் இரண்டு எழுத்து விளிம்புக்கு வெளியே.
பூ: அமர்ந்த பெண், செங்கோல், கிளை, கடைசல் கால் நாற்காலி.
கன்னத்தில் சிறு பிறை வடிவக் குத்து.
கிடைத்த இடம்:

அந்தக் கடைசி வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. விற்றவர் 'எங்கேயோ பொள்ளாச்சிப் பக்கம்' என்றார், எழுதிக்கொள்ளும் அளவுக்கு உறுதியாகச் சொல்லவில்லை. நீங்கள் வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். பணம் கை மாறிய பிறகு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.